சேலத்திலிருந்து விண்வெளி மையத்துக்கு: பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக முழுமையான வழிகாட்டி

விண்வெளி மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று முடிவெடுத்ததும் பல பள்ளிகளில் முதலில் நடப்பது பஸ் வாடகை விசாரிப்பது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தானே யோசித்து எழுதிய ஒரு கேள்வியோடு அந்த மையத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். அனுமதி, பணம், ரயில், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான் ஏற்பாடு செய்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற ஒவ்வொரு வேலையும் ஏன் அந்த வரிசையில் வருகிறது என்பது தானாகவே விளங்கும்.

சேலம் மாநகரப் பள்ளிகள், சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகள், ஏற்காட்டு மலைப் பள்ளிகள் மூன்றையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சரியான வயது. பொதுத் தேர்வு நெருக்கடி இல்லை, அண்டமும் விண்வெளியும் பாடத்திலேயே வருகின்றன, கேள்வி கேட்கக் கூச்சப்படும் வயதும் இன்னும் முழுசாக வந்திருக்காது.

எந்த இடத்துக்குப் போவது

சேலத்திலிருந்து போகக்கூடிய இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

முதலில் ஸ்ரீஹரிகோட்டா. ஆந்திரத்தில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கிற தீவு. 1971 அக்டோபர் 9-ல் ரோகிணி என்ற சிறிய ஆய்வு ராக்கெட்டோடு இங்கே ஏவுதல் தொடங்கியது. 2002-ல் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள். சந்திரயான் 1, 2, 3 எல்லாமே இங்கிருந்து கிளம்பியவைதான். ராக்கெட் ஏவுவதை மக்கள் உட்கார்ந்து பார்க்கப் பார்வையாளர் மாடமும், விண்வெளி அருங்காட்சியகமும், நிஜ அளவு ராக்கெட் மாதிரிகள் நிற்கும் தோட்டமும் உண்டு.

அடுத்தது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா. 1963 நவம்பர் 21-ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவ கிராமத்துக்கு மேல் போவதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அலுவலகமாக இருந்த மேரி மக்தலேனாள் தேவாலயமே இப்போது விண்வெளி அருங்காட்சியகம். சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாக இரவு ரயிலில் போய்விடலாம்.

மூன்றாவது, பெங்களூரு. அங்கே செயற்கைக்கோள் கட்டும் மையத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது சுலபமில்லை. ஜவஹர்லால் நேரு கோளரங்கமும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகமும் திறந்த இடங்கள். விடியற்காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பலாம் என்பது பெரிய வசதி.

நான்காவது, பலருக்கு நினைவே வராத காவலூர். திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். சேலத்திலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே இயங்குகிறது. அதற்கு முன்பே வந்த 1 மீட்டர் தொலைநோக்கி, 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த பணியில் பங்கெடுத்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் ஒரு சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். இங்கே ராக்கெட் கிடையாது. ஆனால் சனிக் கோளின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது.

முதல் முறையாகப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் பள்ளி காவலூரிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே இரவு, ஒரே பஸ், மாநில எல்லை தாண்ட வேண்டியதில்லை. ஓரளவு அனுபவம் உள்ள ஆசிரியர் குழு இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் துணிந்து இறங்குங்கள். இனி வரும் பகுதிகளை ஸ்ரீஹரிகோட்டாவை மையமாக வைத்தே எழுதுகிறேன். அதற்கான ஏற்பாடு தெரிந்துவிட்டால் மற்ற இடங்கள் எளிது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். விண்வெளி மையத்தோடு கேளிக்கைப் பூங்காவையும் சேர்க்காதீர்கள். இரண்டையும் சேர்த்தால் காலையில் மையத்தில் நிற்கும்போதே பிள்ளைகளின் மனசு சாயங்காலத்துத் தண்ணீர்ச் சறுக்கலில் இருக்கும்.

ராக்கெட் ஏவும் நாளில் போகலாமா

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஏவும் தேதிக்குச் சில நாள் முன்புதான் பதிவு திறக்கும், இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். அதையும் தாண்டி இடம் கிடைத்தாலும், வானிலையோ சிறிய தொழில்நுட்பக் கோளாறோ வந்தால் கடைசி நிமிடத்தில்கூட ஏவுதலைத் தள்ளிப்போடுவார்கள். 50 பிள்ளைகளோடு அங்கே போய் நின்று, நாளை மறுநாள் என்று அறிவித்தால் திரும்பி வர ரயில் டிக்கெட்டும் இருக்காது, தங்க இடமும் இருக்காது.

அதனால் பள்ளிப் பயணத்தைச் சாதாரண நாளுக்கே திட்டமிடுங்கள். ஏவுதலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று துடிக்கிற பிள்ளை இருந்தால், பெற்றோரோடு தனியாகப் பதிவு செய்து போக வழிகாட்டுங்கள். போகிற பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்புங்கள். நெருப்பு தெரிந்த கணத்திலிருந்து சத்தம் காதில் விழும் வரை எத்தனை வினாடி என்று எண்ணி, அதை 3-ஆல் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். கோடை மழையில் ஏற்காட்டில் மின்னலைப் பார்த்துவிட்டு இடிச் சத்தத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

எப்போது போவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அடித்துக்கொண்டே இருக்கும். ஏப்ரல், மே வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. பொங்கல் முடிந்த பிறகு ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதி அருமையான காலம். அப்போது போனால் இன்னொரு லாபமும் உண்டு. சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. குளிர்கால மாதங்களில் சாலைக்கு இரண்டு பக்கமும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக ஆழமில்லாத தண்ணீரில் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ராக்கெட் தளமும் பறவைகளின் தங்குமிடமும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தாலே பிள்ளைகளிடமிருந்து நாலு கேள்வி கிளம்பும்.

அனுமதிக் கடிதங்கள்

பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு மையத்துக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். பள்ளியின் கடிதத்தாளில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு, ஆங்கிலத்தில் எழுதுங்கள். பள்ளியின் பெயர், முகவரி, எந்த வகுப்பு, மாணவர் எத்தனை பேர், மாணவியர் எத்தனை பேர், உடன் வரும் ஆசிரியர்கள் யார் யார், விரும்பும் தேதி, அது கிடைக்காவிட்டால் மாற்றுத் தேதிகள் இரண்டு. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: எங்கள் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள், தமிழ் தெரிந்த ஒருவர் விளக்கினால் பேருதவியாக இருக்கும். இஸ்ரோவில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கேட்டால்தானே ஏற்பாடு செய்வார்கள்.

மையத்திலிருந்து சம்மதம் வந்ததும் அதன் நகலை வைத்து மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகங்களில் அனுமதி வாங்க வேண்டும். வெளிமாநிலப் பயணம் என்பதால் கூடுதலாக என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதல் தடவை போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நடை என்றால் ஒரு மாதம் ஓடிவிடும்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தை அச்சடித்த படிவமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சாயங்காலம் பெற்றோரை அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் இரவுப் பயணத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். எந்த டீச்சர் கூட வருகிறார், எந்தப் பெட்டியில் படுக்கை, இரவில் யாருக்கு போன் செய்யலாம் என்று நேரில் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை ஏதாவது உண்டா என்பதையும் அங்கேயே தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறைத்துவிடுவார்கள்.

யாரை அழைத்துப் போவது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் ஐந்து ரேங்க் எடுத்தவர்களுக்குப் பரிசாக இந்தப் பயணத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் எப்படியும் ஒரு நாள் போய்விடுவார்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் போடுகிற பையன், வகுப்பில் வாயே திறக்காமல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைகிற பெண், அப்பா அம்மா எஸ்டேட் வேலைக்குப் போய்விட வீட்டையும் தம்பியையும் பார்த்துக்கொண்டு தாமதமாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளை, இவர்களுக்கு ஒரு நாள் இப்படி அமைந்தால் அதன் பலன் எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளி மாணவி. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் குமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். இந்தப் பெயர்களை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

எண்ணிக்கை 40, 50-ஐத் தாண்ட வேண்டாம். பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். பெண் பிள்ளைகள் போனால் ஆசிரியைகள் இரண்டு பேராவது கட்டாயம். விருப்பம் தெரிவித்தவர்கள் அதிகமாக இருந்தால் அவரவர் கேள்வியை எழுதித் தரச் சொல்லி அதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

பணம்

ரயில் கட்டணம், உள்ளூர் வண்டி, சாப்பாடு, குளித்துக் கிளம்ப ஒரு இடம், மருந்துப் பெட்டி, கையிருப்பாக ஒரு தொகை. செலவின் தலைப்புகள் இவ்வளவுதான். கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்வேயில் மாணவர் சலுகை உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு அது இன்னும் கூடுதல். தலைமையாசிரியரின் கடிதம், மாணவர் பட்டியலோடு சேலம் ஜங்ஷனில் உள்ள வணிகப் பிரிவில் நேரில் கேளுங்கள். மொத்தமாக டிக்கெட் எடுப்பதற்கும் அங்கேதான் வழி சொல்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள், ஊரில் உள்ள ரோட்டரி, அரிமா சங்கங்கள் ஆகியோரிடம் உதவி கேட்கலாம். ஆனால் பணம் கட்ட முடியாத பிள்ளை யார் என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. வசூல் பட்டியலைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், வகுப்பில் வாசிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நான்கு வாரங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். வாரத்துக்கு இரண்டு வகுப்பு போதும்.

முதல் வாரத்தை நம் ஊர்க் கல்லிலிருந்து தொடங்குங்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறை கிடக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. நிலாவின் மேட்டுநிலங்களில் நிறைந்திருப்பதும் இதே வகைப் பாறைதான். சந்திரயான்-2 நிலாவின் தென்துருவத்தை அடுத்த மேட்டுப் பகுதியில் இறங்க வேண்டியிருந்ததால், அந்தத் தரையைப் போன்ற மண் சோதனைக்கு நிறையத் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. பெரியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் புவியியல் வல்லுநர்கள் உதவியோடு இந்தப் பாறையை வெட்டி எடுத்து, அரைத்துப் பொடியாக்கி, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். லேண்டர் என்ற தரையிறங்கும் கலத்தின் கால்களையும், ரோவர் என்ற ஊர்தியின் சக்கரங்களையும் அந்த மண்ணில்தான் சோதித்தார்கள். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் ரோவரை ஹீலியம் பலூனில் கட்டித் தூக்கி எடையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைச் சித்தம்பூண்டிக்கே கூட்டிப் போங்கள். சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு போங்கள், குவாரிக் குழிகளின் பக்கம் விடாதீர்கள். புவியியல் தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு சிறு துண்டைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, அதைப் பக்கத்து வயலில் கிடக்கும் சாதாரணக் கல்லோடு ஒப்பிட்டு நிறம், பளபளப்பு, எடை என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். விண்வெளி ஆராய்ச்சி எங்கோ நடக்கிற பெரிய மனிதர்கள் காரியம் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். சேலம் உருக்காலையைப் பற்றியும் சொல்லுங்கள். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் இஸ்ரோவின் கிரையோஜெனிக் எஞ்சின் பாகங்களுக்கு வேண்டிய ஒரு தனிவகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை கஞ்சமலை அடிவாரத்து ஆலையில்தான் உருட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வாரம், அளவு. ராக்கெட் பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பெரியது என்பதை உடம்பால் உணர வேண்டும். 44 மீட்டர் கயிறு ஒன்றை மைதானத்தில் நீட்டிப் போடுங்கள். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரம் அது. சரிபாதியில் ஒரு கல்லை வையுங்கள். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்.எல்.வி.-3 அந்த 22 மீட்டர்தான். பிள்ளைகள் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கட்டும். அப்புறம் கணக்கு. பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது மொத்த எடை சுமார் 320 டன். வட, தென் துருவங்களுக்கு மேலே போகும் துருவச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுமார் 1.75 டன். எத்தனை சதவீதம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு சதவீதம்கூட இல்லையே என்று யாராவது ஒருவர் நிச்சயம் வாய்விட்டுச் சொல்வார். மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று உடனே பதில் சொல்லாமல், அதையே கேள்வியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் செய்முறை. நூலில் கோத்த உறிஞ்சுகுழலில் பலூனை ஒட்டி ஓடவிடுவது, பிளாஸ்டிக் பாட்டிலில் கால்பங்கு தண்ணீர் விட்டுச் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பறக்கவிடுவது. இரண்டும் செலவில்லாதவை, பத்தாம் வகுப்பில் வரப்போகும் நியூட்டனின் மூன்றாம் விதியை இப்போதே காட்டிவிடுபவை. பாட்டில் ராக்கெட்டுக்கு மட்டும் பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள், யாரும் பாட்டிலுக்கு மேலே குனியக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஒரு தடவை, பாதி நிரப்பி ஒரு தடவை, முக்கால் நிரப்பி ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் செய்து எது உயரமாகப் போகிறது என்று குறிக்கட்டும். எரிபொருளை அதிகம் ஏற்றினால் அதிகத் தூரம் போகும் என்ற நினைப்பு அங்கே அடிபட்டுப் போகும்.

நான்காவது வாரம் கேள்விக்கென்றே வையுங்கள். முதலில் பிள்ளைகள் எழுதுவது இப்படி இருக்கும்: ராக்கெட் எப்படிப் பறக்கிறது? இது மோசமான கேள்வி என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டில் ராக்கெட்டில் பார்த்தோமே, அதில் எது உனக்கு இன்னும் புரியவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி கூர்மையாகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வருமே, பி.எஸ்.எல்.வி. எப்படித் திரும்புகிறது? ராக்கெட் கிளம்பும்போது ஏவுதளத்தில் தண்ணீரை ஏன் பீய்ச்சுகிறார்கள்? திட எரிபொருளைப் பற்றவைத்தால் அணைக்க முடியாது என்கிறார்களே, பாதை தவறினால் என்ன செய்வார்கள்? கிழக்குக் கடற்கரையில் ஏன் தளம் அமைத்தார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் வகுப்பிலேயே பாதி தீர்க்கலாம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம். நிலநடுக்கோட்டில் நிற்பவர் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறார். ஸ்ரீஹரிகோட்டா நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்த வேகத்தில் பெரும்பகுதி கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கிழக்கே கடல் என்பதால் கழன்று விழும் பாகங்களும் யார் தலையிலும் விழாது. மீதியை அங்கே போய்க் கேட்கட்டும்.

கேள்வியைத் தமிழிலேயே எழுதட்டும், தமிழிலேயே கேட்கட்டும். ஆங்கிலத்தில் கேட்டால்தான் மதிப்பு என்று நினைத்துப் பல பிள்ளைகள் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். மொழிபெயர்க்க ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தெம்பை இங்கேயே கொடுத்துவிடுங்கள்.

பயணம்

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குப் பயணம் சேலத்தில் தொடங்குவதில்லை, மலையிலேயே தொடங்கிவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள், இரவுச் சாப்பாட்டைச் சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம், காகிதப் பை, துடைக்கத் துணி ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களுக்குத் திரும்பும் நாளில் இரவு பஸ் கிடைக்காது. அன்றைக்கு வீடு சேர்க்கும் வண்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் இதற்கென்றே விட்டது போன்ற ரயில். இரவில் ஏறினால் விடியும் முன்னே சென்னை சென்ட்ரல். அங்கே 50 பிள்ளைகளைக் காத்திருப்பு அறையில் குளிக்க வைப்பது நடக்காத காரியம். பக்கத்தில் ஒரு பள்ளியிலோ விடுதியிலோ இரண்டு மணி நேரத்துக்கு இடம் பேசி வையுங்கள். முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, சூலூர்ப்பேட்டைக்குப் போகும் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். சூலூர்ப்பேட்டையிலிருந்து மையம் சுமார் 18 கிலோமீட்டர். ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ தேடாமல், முன்பே ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி நிற்கச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்தே பஸ்ஸில் போவதானால் ஆந்திராவுக்குள் நுழைய பெர்மிட் இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் தாளையே காட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு டிரைவர் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். எனக்கு ரயில்தான் விருப்பம். பிள்ளைகள் கால் நீட்டித் தூங்கி எழுந்து தெளிவாகப் போய் இறங்குவார்கள்.

பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ராக்கெட் பெயர் வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் குழுத் தலைவரே எண்ணிச் சொல்லட்டும், ஆசிரியர் இன்னொரு தடவை எண்ணட்டும். பெண் பிள்ளைகளின் படுக்கைகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டும், ஆசிரியை கீழ்ப் படுக்கையில்.

மையத்துக்குள்

செல்போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஆசிரியர்களுக்கும் அதே விதிதான். மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுப் பூட்டி வண்டியிலேயே ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பெயர்ப் பட்டியலில் இருக்கிறபடியே அடையாள அட்டையிலும் பெயர் இருக்க வேண்டும். பட்டியலை அனுப்பிய பிறகு ஆள் மாற்றினால் வாசலில் நிற்க வைத்துவிடுவார்கள்.

போன் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதே. ஆளுக்கொரு சிறிய நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ராக்கெட் மாதிரிகளின் முன்னால் பத்து நிமிடம் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. எத்தனை கட்டம், எந்தக் கட்டத்தின் பக்கவாட்டில் துணை ராக்கெட்டுகள் ஒட்டியிருக்கின்றன, நுனியில் கவசம் எப்படி மூடியிருக்கிறது என்று வரைகிறபோதுதான் கண் கவனிக்கும். மைதானத்துக் கயிறு நினைவுக்கு வந்து, படுத்துக் கிடந்த அந்த 44 மீட்டர் இங்கே நிமிர்ந்து நிற்பதை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள்.

விளக்கம் சொல்பவரிடம் தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஐயா, பிள்ளைகள் கேள்வி தயார் செய்து வந்திருக்கிறார்கள், கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். தயார் செய்து வந்த பிள்ளைகளைப் பார்த்தால் அவர்களுக்கும் உற்சாகம் பிறக்கும். கேட்கிறபோது முந்திக்கொண்டு கையைத் தூக்குபவர்களை மட்டும் பேசவிடாமல், குழுவுக்கு இரண்டு பேர் என்று வரிசை வையுங்கள். பதிலைக் கேட்டவரே எழுத முடியாது, அதனால் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்.

எவ்வளவு பார்க்க முடியும் என்பது அன்றைய பணியைப் பொறுத்தது. ஏவுதளத்தைத் தூரத்திலிருந்து மட்டுமே காட்டலாம், கட்டுப்பாட்டு அறையைக் காட்டாமலும் போகலாம். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்தால் ஏமாற்றம் இருக்காது. உள்ளே கடையைத் தேடாமல் சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், எலுமிச்சை சாதமோ புளிசாதமோ தாங்கும்.

திரும்பி வந்த பிறகு

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் தூங்கட்டும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். கேள்வி, கிடைத்த பதில், வரைந்த படம் மூன்றையும் ஒரு அட்டையில் ஒட்டிப் பள்ளியில் கண்காட்சி வையுங்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் என்றால் அவரவர் ஊர்க் கோயில் திடலிலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு சாயங்காலம் வையுங்கள். காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வரும் பெற்றோருக்கு, தன் பிள்ளையே நின்று ராக்கெட் ஏன் கிழக்கே போகிறது என்று விளக்கட்டும். பயணத்துக்குப் போகாத பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் உட்கார வைக்காமல், பாட்டில் ராக்கெட் ஏவும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019 முதல் நடத்தும் யுவிகா என்ற கோடைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லுங்கள். தேர்வானவர்கள் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிக்கலாம். விண்ணப்பம் இணையத்தில்தான். கணினி இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக் கணினியில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது நம் வேலை. ஊரகப் பகுதி மாணவர்களுக்குத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்த நாட்களில் இஸ்ரோ மையங்கள் கண்காட்சியும் போட்டிகளும் நடத்தும். பயணத்துக்குப் போக முடியாத பிள்ளைகளை அவற்றுக்கு அனுப்பலாம்.

மையத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பும்போது, அங்கே நேரமில்லாமல் விடுபட்ட கேள்விகளையும் பிள்ளைகளின் கையெழுத்திலேயே இணைத்து அனுப்புங்கள். அடுத்த ஆண்டு எந்த வகுப்பு, எந்த மாதம் என்பதையும் அதே கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், ஜூனில் பள்ளி திறந்ததும் முறையான விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.